பிளஸ் டூ முடித்துவிட்டு பட்டாளத்துக்குப் போகலாமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. இனிமேல் தள்ளிப்போட முடியாது. காரணம் என் தம்பி.

அவன் பிளஸ் டூ படிக்கிறான், காமர்ஸ் குரூப். (எங்கள் வீட்டில் காமர்ஸ் ஒரு பரம்பரை வியாதி. அப்பா பி.காம்., நான் பி.காம். கடைசி வருடம்.) போன சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று தல்லாகுளமே தலைகளாக இருந்தது. அழகர் வருகிற திசையைப் பார்த்து எல்லோரும் எக்கிக்கொண்டு நின்றோம். அந்தக் கூட்டத்தில் என் காதுக்குள் வந்து கத்தினான்: "அண்ணே, நான் அக்னிவீருக்கு எழுதப்போறேன். அம்மாகிட்ட நீதான் சொல்லணும்." அழகரைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு குண்டு.

அம்மாவிடம் சொன்னேன். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "புதுப்பட்டி."

மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக. 2022 ஆகஸ்ட் 11 அதிகாலையில் ஜம்மு காஷ்மீரின் ரஜோரி மாவட்டத்தில் பர்கல் ராணுவ முகாமைத் தீவிரவாதிகள் தாக்கினார்கள். உயிரிழந்த வீரர்களில் ஒருவர் திருமங்கலம் தாலுகா டி.புதுப்பட்டியைச் சேர்ந்த ரைபிள்மேன் லட்சுமணன். வயது 24. சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. அன்று முழுக்க அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், சமைக்கவில்லை. அந்தப் பையனின் அம்மாவை யாரென்றே எங்கள் அம்மாவுக்குத் தெரியாது.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அக்னிவீர்களுக்கு 48 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் உண்டு, பிரீமியம் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை, படித்த படிப்பு அப்படி. என் பள்ளித் தோழன் ஒருவன் 2023-இல் என்னோடு பிளஸ் டூ முடித்து அந்த வருடமே அக்னிவீராகத் தேர்வானவன். அவன் பெயரில் ஒரு பக்கமும் என் பெயரில் ஒரு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.

2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன சம்பளம் இது: முதல் வருடம் மாதம் 30,000. பிறகு 33,000, 36,500, நான்காம் வருடம் 40,000. இதில் 30 சதவீதம் பிடித்தம், ஆக முதல் வருடம் கையில் வருவது 21,000, கடைசி வருடம் 28,000. பிடித்ததற்குச் சமமாக அரசும் போடுகிறது. நான்கு வருடத்தில் பிடித்தது 5 லட்சத்து 2 ஆயிரம், அரசு போட்டது அதே அளவு, வட்டியோடு வெளியே வரும்போது சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம். சேவா நிதி என்று பெயர், வருமான வரி கிடையாது. கையில் வந்த சம்பளத்தையும் நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அதுவும் 11 லட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சம் வந்தது! இரண்டு முறை கூட்டினேன், சரிதான். சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு, மருத்துவம் எல்லாம் படையின் செலவு. கஷ்டமான இடங்களில் போட்டால் அதற்குத் தனி அலவன்ஸ்.

என் பக்கம்? மூன்று வருட செல்ஃப் ஃபைனான்ஸ் ஃபீஸ், பஸ் பாஸ், புத்தகம், டேலி கோர்ஸ். வரவுப் பத்தியில் அப்பா கடையில் மாலையில் உட்கார்ந்ததற்கு அவர் கொடுத்த டீக்காசு.

போன வருடம் அவன் லீவில் வந்தபோது அக்காவின் நகையை அடகிலிருந்து மீட்டுவிட்டிருந்தான். எனக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தான். பில்லை நான் எடுக்கப்போனால் கையைத் தட்டிவிட்டான். பிளஸ் டூவில் என்னைவிட மார்க் கம்மி அவன். சொல்லக் கூடாது, ஆனால் அன்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது.

காசைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. இவன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால்கூட யாருக்கும் இடம் விடாமல் முரண்டு பிடிக்கிறவன். இப்போது இந்தி பேசுகிறான், பஞ்சாபிக்காரனோடும் நாகாலாந்துக்காரனோடும் ஒரே பாரக்கில் படுத்து எழுகிறான், தட்டைத் தானே கழுவுகிறான். நாங்கள் மூன்று வருடம் 'ஆளுமை மேம்பாடு' என்று ஒரு பேப்பர் படித்து எழுதினோம். ஹி ஹி.

பரோட்டா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவன் சொன்னதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்தக் கணக்கு பொய்க்கணக்கு. "நாலு வருசம் முடிஞ்சு என்ன செய்யிறதுன்னு தெரியலடா. நூத்துல இருபத்தஞ்சு பேருதான். எங்க செட்டுல எல்லாரும் நல்லா ஓடுறாய்ங்க."

அதுதான் விஷயம். நான்கு வருட முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். எடுக்கப்பட்டவர்கள் மேலும் குறைந்தது 15 வருடம் இருப்பார்கள், பென்ஷன் உண்டு. மற்ற 75 பேருக்குச் சேவா நிதி உண்டு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தும் இல்லை. மத்தியப் போலீஸ் படைகளில் 10 சதவீத இட ஒதுக்கீடு, வயதுச் சலுகை என்றெல்லாம் 2022-லேயே அறிவித்தார்கள். இக்னோ மூலம் டிகிரி வாங்கும் வழியும் அப்போதே சொன்னதுதான், பயிற்சியில் கற்றதற்கே பாதி கிரெடிட் கிடைக்கும். ஆனால் முதல் அணி பயிற்சிக்குப் போனதே 2022 டிசம்பர், 2023 ஜனவரி வாக்கில். அவர்களுடைய நான்கு வருடம் 2026 கடைசியோடுதான் முடிகிறது. முழுசாக ஒரு அணி வெளியே வந்து வாழ்ந்து காட்டாத நிலையில்தான் என் தோழனின் செட் சேர்ந்தது. அமெரிக்காவில் 1944-இல் ஜி.ஐ. பில் என்று ஒரு சட்டம் போட்டு, போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானவர்களை அரசே செலவு செய்து கல்லூரிக்கு அனுப்பியது. இங்கே கையில் காசைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 22 வயதுப் பையன் கையில் 11 லட்சம். எங்கள் தெருவில் அது பைக்காகவும் தங்கச்சி கல்யாணமாகவும் ஒரே மாதத்தில் கரையும் என்று நான் நினைக்கிறேன். நான் சந்தேகப் பிராணி, விடுங்கள்.

எங்கள் பெரிய மாமா (அம்மாவின் அண்ணன்) மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருபத்துநாலு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். குன்னூர் வெல்லிங்டனில் பயிற்சி. இப்போது பென்ஷன், கேண்டீன் கார்டு, கூடவே ஒரு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலை. அம்மாவைச் சமாதானம் செய்வார் என்று நம்பி அவரிடம் போனோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க காலத்துல உள்ள போயிட்டா வெளிய வர்றதப் பத்தி நெனைக்கவே வேணாம் மாப்ள. இப்ப உள்ள போறப்பவே வெளிய வர்றத யோசிச்சுக்கிட்டுப் போகணும்." அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தம்பியைப் பார்த்து, "ஏன்டா, ஆபீசராப் போறதுக்கு ஒனக்கு என்ன கொறச்சல்? பிளஸ் டூவோடயே அதுக்கும் பரீட்சை இருக்குல்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தப் பரீட்சை எங்களுக்கு இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்.டி.ஏ. என்றால் சயின்ஸ் குரூப்புக்கு மட்டும் என்று என் வகுப்பில் எல்லோரும் நினைத்தோம். எங்களுக்கு அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தார்கள். உண்மை அது இல்லை. கடற்படைக்கும் விமானப்படைக்கும்தான் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் எந்த குரூப்பாக இருந்தாலும் போதும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயது வரை, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது, ஃபீஸ் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. தேறினால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், பிறகு டேராடூனில் ஒரு வருடம். படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசு செலவு, ஜே.என்.யூ. டிகிரி. டேராடூன் வருடத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. 22, 23 வயதில் லெப்டினன்ட். நான்கு வருடத்தில் வெளியே அனுப்புகிற பேச்சே இல்லை.

நான் பிளஸ் ஒன் படித்தபோதே எனக்கு வயது சரியாக இருந்தது. இப்போது இருபது தாண்டிவிட்டது. அந்தக் கதவு மூடிவிட்டது, மூடிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் அப்பா நடத்துவது ஜெராக்ஸ் கடை. தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தால் ஊர்ப்பட்ட விண்ணப்பங்களும் உங்கள் கை வழியாகத்தான் போகும். அக்னிவீர் அறிவிப்பு வந்த வாரம் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கமிருந்து பையன்கள் வந்து நிற்பார்கள். போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி இருக்கிறது, இப்படி ஆயிரம் பிரச்சனை. மூன்று வருடத்தில் எத்தனை நூறு அக்னிவீர் விண்ணப்பம் பிரிண்ட் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என்.டி.ஏ. விண்ணப்பம் பிரிண்ட் போட்டதாக எனக்கு நினைவில் இருப்பது இரண்டே இரண்டு. இரண்டுமே பேரன்ட்ஸ் காரில் வந்த பையன்கள்.

ஆகவே காமர்ஸ் படிக்கிற தம்பி தங்கைகளுக்குத் தெரிய வேண்டியதை இங்கே கொட்டிவிடுகிறேன். அக்னிவீரில் பொதுப்பணி தவிர கிளார்க், ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி, மொத்தம் 60 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 50 வேண்டும். கணக்கு இல்லாதவர்களுக்குக் கணக்குப்பதிவியல் மார்க்கை ஏற்றுக்கொள்கிறார்கள். டெபிட் கிரெடிட் நம்மைக் காப்பாற்றுகிற ஒரே இடம் உலகத்தில் இதுதான்! எழுத்துத் தேர்வு ஆன்லைனில் முதலில், ஓட்டம் பிறகு. 2025 முதல் எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மதுரை மாவட்டத்துக்கு கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம். ஓட்டம் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மார்க் 60. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40.

பெண்கள் 'எங்களுக்கு என்ன' என்று கேட்பீர்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் என்.டி.ஏ. கதவு உங்களுக்குத் திறந்தது. 2022-இல் சேர்ந்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. சென்னை பரங்கிமலையில் இருக்கிற ஓ.டி.ஏ.வில் 1992-லிருந்தே பெண்களுக்குப் பயிற்சி நடக்கிறது.

அந்த ஓ.டி.ஏ. பற்றி என் வகுப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் 'அமரன்' பார்த்துவிட்டு ஒரு வாரம் எல்லோரும் மிலிட்டரி கட்டிங் வெட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்த மேஜர் முகுந்த் வரதராஜன் படித்தது என்ன தெரியுமா? பி.காம். 2005-இல் பரங்கிமலையில் சேர்ந்து 2006-இல் ராஜ்புத் ரெஜிமெண்டில் அதிகாரியானார். 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் நடந்த சண்டையில் உயிர்விட்டார், அசோக சக்ரா கிடைத்தது. டிகிரி முடித்தவர்கள் ஓ.டி.ஏ.வுக்கு சி.டி.எஸ். தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், பொது அறிவு இரண்டு பேப்பர்தான், கணக்குப் பேப்பர் கிடையாது. என்.சி.சி. 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அந்த எழுத்துத் தேர்வும் இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகிற வழியும் உண்டு. நான் என்.சி.சி.யில் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பரேடு என்றார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'கன்ஃபார்ம் செலக்‌ஷன்' என்று போர்டு வைத்த ஒரு அகாடமிக்கு தம்பியைக் கூட்டிப் போனேன். நாற்பதாயிரம் கேட்டார்கள், "மெடிக்கல்ல நம்ம ஆளு இருக்காரு" என்று கண்ணடித்தார் அந்த ஆள். மாமாவிடம் சொன்னேன், அவர் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. தட்டைப் பாதம் இருந்தாலோ, நிற்கும்போது முட்டி இடித்தாலோ, நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தாலோ எந்த ஆளும் ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் எலும்பு டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்துக் காட்டிவிடுங்கள். தம்பிக்கு ஒன்றும் இல்லை, நல்லபடியாக இருக்கிறான். (எனக்குத்தான் தட்டைப் பாதம் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூடிய கதவைப் பற்றி இவ்வளவு நேரம் புலம்பியதெல்லாம் வீண்!)

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆபீசர் என்றதும் அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தோம், மாறவில்லை. "ஆபீசருக்கு மட்டும் குண்டு படாதா?" என்று கேட்டார். சரியான கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை, என் கணக்கில் இதற்குப் பத்தியும் இல்லை. மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இருபத்துநாலு வருசம் நான் போயிட்டு வரலையா தாயி?" அம்மா, "ஒவ்வொரு வாட்டி நீ திரும்பிப் போறப்பவும் நம்ம அம்மா என்ன ஆனாங்கன்னு நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றார். மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் சர்வீஸ் கதைகள் ஐம்பது எனக்குத் தெரியும், வீட்டில் இருந்தவர்கள் கதை ஒன்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

பிளஸ் டூ முடித்தவுடன் படைக்குப் போவது நல்லதா என்று என்னைக் கேட்டால், நல்லது என்றுதான் சொல்வேன். பதினெட்டு வயதில் உன் அப்பா யார், எவ்வளவு டொனேஷன் தருவாய் என்று கேட்காமல், ஓடத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டு உள்ளே எடுத்து, சம்பளமும் கொடுத்து, தொழிலும் கற்றுத்தருகிற இடம் நம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது? ஆனால் ஒரே கட்டிடத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் நம் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள், இன்னொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதில் நியாயமான தடையும் இருக்கிறது, அநியாயமான தடையும் இருக்கிறது. என்.டி.ஏ. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்த உசிலம்பட்டிப் பையன் என்ன செய்வான்? தரைப்படைக்கு ஒரு தடவைக்கு இருநூற்றுச் சொச்சம் இடம்தான், அதற்கு நாடு முழுக்க லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள்.

கடைசியில் வீட்டில் ஒரு உடன்பாடு. தம்பி முதலில் என்.டி.ஏ. எழுதுவான், வயது இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை. நடுவில் அக்னிவீர் கிளார்க் பிரிவுக்கும் எழுதி வைப்பான். அம்மா சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறார். இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நான்கு ரவுண்டு ஓடுகிறான். நான் செல்போனில் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று 6 நிமிடம் 20 வினாடி. கூடவே ஓடிப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் நானும் ஓடினேன், இரண்டாவது ரவுண்டில் வாக்கிங் வந்த தாத்தா ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்.

ஓட்டம் பிரச்சனை இல்லை, குறைந்துவிடும். பிரச்சனை கணக்கு. என்.டி.ஏ.வில் கணக்கு மட்டும் 300 மார்க், பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம். பத்தாம் வகுப்போடு டிரிக்னாமெட்ரிக்கு டாட்டா காட்டியவன் அவன். தல்லாகுளம், கோரிப்பாளையம், சொக்கிகுளம் பக்கம் காமர்ஸ் பையனுக்கு ஆரம்பத்திலிருந்து பொறுமையாகக் கணக்குச் சொல்லித்தருகிற வாத்தியார் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் நல்லது. ஃபீஸ் கொஞ்சம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், வேண்டுமானால் ஜெராக்ஸ் இலவசம்.